குள்ளியின் நடு முகம்

ஜனவரி 9

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் வரி இந்தக் கடிதத்தில் இருக்காது. அப்பாவை எடுத்த அன்று வாசலில் வைத்து நாம் பேசிக்கொண்டதோடு அந்தப் பழக்கம் முடிந்துவிட்டது. போனில் கூப்பிட்டால் "சரி சரி" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பஸ் டிப்போவில் டீ குடிக்கும்போது மேசையில் கிடந்த பேப்பரில் குள்ளியைப் பார்த்தேன். அப்பா ஓட்டிய நம் குள்ளிதான். அந்தச் சின்ன ரயில் பாதையை சுற்றுலாவுக்காக மறுபடி திறக்கிறார்களாம். "பிறந்த அன்றைய அழகோடு திரும்பி வருகிறது நீராவி எஞ்சின்" என்று தலைப்பு. பக்கத்திலேயே ஒரு ஓவியம். பச்சை உடம்பு, செம்பு விளிம்பு வைத்த நெட்டைப் புகைபோக்கி, இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. அந்தக் கோலத்தில் அதை நானும் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை, அப்பாவே பார்த்ததில்லை. அப்பா வேலைக்குச் சேர்வதற்கு எவ்வளவோ முன்பே அதற்குக் கறுப்பு அடித்துவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு யார் தலைமை என்று போட்டிருந்ததையும் படித்தேன். பெரிய இன்ஜினியர். நடத்துவது அவருடைய மகன், சின்ன இன்ஜினியர். எஞ்சினைப் பழுது பார்ப்பது யார் என்று போடவில்லை. போட வேண்டியதில்லை, அந்த ஷெட்டுக்கு நீதானே ஃபோர்மேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்ததை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், மறந்திருந்தால். பாதி வழியில் இருந்த தண்ணீர் நிலையத்தைப் பெரிய இன்ஜினியர் மூடினார். அதற்குப் பதிலாகக் குள்ளியே நிறையத் தண்ணீர் சுமக்கட்டும் என்று தொட்டிகளை உயர்த்தி, மூக்கு வரைக்கும் நீட்டினார். இரண்டு பக்கமும் பீரோ கட்டிவிட்டாங்க என்று ஷெட்டே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "முன்னாடி பாதி உலகத்தைக் காணோம்"னு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வருஷமே யார்டில் பாதை மாற்றும் நெம்புகோலுக்குக் குனிந்த, ரயிலுக்குக் கொடி காட்டும் நம் கொடி மாமா மேல் குள்ளி ஏறியது. நடக்கிற வேகத்தில்தான் போனது. அப்பா மாமாவைப் பார்க்கவே இல்லை.

"ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதியவர் பெரிய இன்ஜினியர். குடித்திருந்தார் என்று ஊரில் புரளி விட்டவர் யாரோ. இருமல் மருந்து குடித்தாலே கண் சொருகுகிற மனுஷனை.

இப்போது கேட்கிறேன். அந்தத் தொட்டியை வெட்டி எறிந்துவிட்டுச் சின்னத் தொட்டி மாட்டப்போவது நீயா? மாட்டினால் அப்பா சொன்னது உண்மை என்பதற்கு உலகத்தில் வேறு என்ன மிச்சம்?

தங்கை


ஜனவரி 17

தங்கச்சிக்கு,

கடிதத்தை ஷெட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். வீட்டில் படித்தால் உன் அண்ணி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆமாம், நான்தான். புது புகைபோக்கி வந்து இறங்கிவிட்டது. பச்சை டின்கள் வரிசையாக நிற்கின்றன. நான் முடிவெடுக்கிறவன் இல்லை, முடிவெடுத்ததைச் செய்கிறவன். சின்ன இன்ஜினியர் நான்கு பழைய படங்களைச் சுவரில் ஒட்டி, "எது அழகு?" என்று எல்லோரையும் கேட்டார். கறுப்பை யாரும் தொடவில்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும்.

நீ ஒன்று தெரியாமல் எழுதியிருக்கிறாய். நீ சொல்லும் தொட்டி இப்போது இல்லை. விபத்து நடந்த அடுத்த மாதமே இரண்டு தொட்டிகளின் முன்பக்கத்தையும் சாய்வாக வெட்டிவிட்டார்கள். கேபினில் இருந்து மூக்கு வரை சறுக்குப் பலகை மாதிரி இறங்கும். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தண்டவாளம், நெம்புகோல், எல்லாம் தெரிகிறது. அதற்குள் குடியிருப்பைக் காலி பண்ணி உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டோம், அதனால் நீ பார்த்திருக்க மாட்டாய். உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே குள்ளிக்கு மூன்று முகம். சின்னத் தொட்டியோடு ஒன்று, முதலில் பச்சை, பிறகு கறுப்பு. கறுப்பும் சதுரத் தொட்டியுமாக ஒன்று, அது ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. கடைசியில் சாய்வு வைத்தது. இன்று நிற்பது மூன்றாவது. இதை வைத்துக்கொண்டு நீ யாருக்கு எதைக் காட்டுவாய்?

பெரிய இன்ஜினியருக்கு எண்பது தாண்டிவிட்டது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். விட்டுவிடு. எனக்கும் அப்பாதான் அவர். ஆனால் நான் இந்த ஊரிலேயே இருந்து சாப்பிட வேண்டியிருந்தது.

அண்ணன்


ஜனவரி 22

அண்ணனுக்கு,

அடுத்த மாதமே வெட்டினார்களா.

உன் கடிதத்தை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி படித்தேன். கண்டக்டர் இரண்டு தரம் விசில் அடித்துவிட்டு, "என்னக்கா, வண்டியிலயே குடியிருக்கப் போறியா?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் கிளப்பினேன்.

இத்தனை வருஷமாகப் பெரிய இன்ஜினியரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்து வெறுத்தேன். அப்பா சொன்னதை அவர் நம்பவில்லை, அவ்வளவுதான் என்று. இப்போதுதான் தெரிகிறது, அவர் ஒரு வார்த்தை விடாமல் நம்பியிருக்கிறார். நம்பாதவன் எதற்குத் தொட்டியை வெட்டுவான்? ஒரு கையால் அப்பா மேல் குற்றம் எழுதி, இன்னொரு கையால் அளவு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓட்டுநர் கவனமாக இருந்தாலும் பார்க்க முடியாது என்று தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார்.

நான் பஸ்ஸை எடுப்பதற்கு முன் ஒரு தரம் சுற்றி வந்து பார்ப்பேன். டிப்போவில் கேலி பண்ணுவார்கள், "வண்டி எங்கயும் ஓடிப் போயிடாது"ன்னு. என் கண்ணாடிக்குத் தெரியாத இடம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே யாராவது இருந்தால் நான் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் ஏற்றிவிடுவேன். அப்பாவுக்கு இறங்கிச் சுற்றி வர யாரும் நேரம் கொடுக்கவில்லை. இடது பக்கத்தைப் பார்க்க வேண்டிய ஃபயர்மேன் குனிந்து கரி போட்டுக்கொண்டிருந்தார்.

எண்பது தாண்டிவிட்டது என்கிறாய். அப்பா ஐம்பத்தெட்டில் போனார். அதைக் கூட்டிக் கழித்து எனக்கு இரக்கம் வரவழைக்கப் பார்க்காதே. எனக்கு அந்த மனுஷர் அந்த நடு முகத்தோடு நிற்கிற குள்ளியில், அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டும். வெட்டிய மூலைகளை நீ திரும்ப ஒட்ட வேண்டும். உன்னால் முடியும். முடியாது என்று எழுதினால், மனம் இல்லை என்று படித்துக்கொள்வேன்.

தங்கை


பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன்.

சுற்றுலா ஆட்களுக்குக் கதை சொல்ல ஒரு இளைஞனை வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பேசுவான். ஷெட்டில் வைத்து ஒத்திகை நடந்தது. விருந்தாளிகள் ஒரு இருபது பேர், குழந்தைகளும் இருந்தார்கள். நான் பாய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன், அவர்களுக்குத் தெரியாது. அவன் குள்ளியின் வயதைச் சொன்னான், எடையைச் சொன்னான். அப்புறம், "இதுக்கு ஒரு குடிகார டிரைவர் இருந்தார். எதிர்ல ஆள் நிக்குதா மரம் நிக்குதான்னே தெரியாது"ன்னு ஆரம்பித்து, தள்ளாடி நடந்து காட்டினான். கொடியை ஆட்டுகிற ஆள் மாதிரியும் நடித்து, விழுந்தும் காட்டினான். குழந்தைகள் சிரித்தன. பெரியவர்களும் சிரித்தார்கள்.

நான் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சின்ன இன்ஜினியரைத் தனியே கூப்பிட்டேன். "அது எங்க அப்பா. அவர் குடிச்சதே இல்ல. அதை எடுத்துடுங்க"ன்னேன். அவருக்கு அது யார் என்று முன்பே தெரியும். சங்கடப்படுவார் என்று நினைத்தேன். தோளில் தட்டி, "ஃபோர்மேன், இதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. கதையில கொஞ்சம் மசாலா வேணும்ல"ன்னார்.

நீ வாசலில் நின்று என்னைக் கேட்டாயே, "அவங்ககிட்ட கைகட்டி நிக்க உனக்கு எப்படி முடியுது"ன்னு. இவ்வளவு நாளும் முடிந்தது. அவர்கள் அப்பாவை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன், அதனால் முடிந்தது.

சாயங்காலம் குள்ளியின் தொட்டி ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெட்டின இடத்தில் ரிவெட் ஆணி வேறு மாதிரி. பழைய அளவு எதுவரை என்று தடவினாலே தெரிகிறது. ஒட்டலாம். மூன்று நாள் வேலை.

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

அந்தப் பையனின் கழுத்தைத் திருக வேண்டும் போல இருந்தது. பிறகு, அவனுக்கு என்ன தெரியும், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்று தோன்றியது. எழுதிக் கொடுத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நான் லீவு போட்டு வருகிறேன். கொடி மாமா குனிந்த அதே இடத்தில் நான் குனிந்து நிற்கிறேன். பெரியவரை ஓட்டச் சொல். நீ பக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொள். கடைசி நொடியில் நிறுத்து. இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்கட்டும்.

கொடி அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா? நம்மைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்களே. அவர்களையும் வரச் சொல்ல வேண்டும். மாமாவைக் கொன்றது அப்பாவின் போதை என்று அவர்கள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தொண்டையில் முள்.

தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு,

நீ வர வேண்டாம். குள்ளியின் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசி நொடி என்பதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். நீ போய்விட்டால் நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன்?

மூலைகளை ஒட்டியாகிவிட்டது. சின்ன இன்ஜினியரிடம், "புதுத் தொட்டி வர இன்னும் நாளாகும், பாய்லரைச் சோதிக்கப் பழசுல முழுசாத் தண்ணி ரொப்பி ஓட்டிப் பார்க்கணும்"ன்னேன். அவர் ஷெட்டுக்குள் வந்து தொட்டியைப் பார்த்தார். அது சதுரமாகிவிட்டது என்றே அவருக்குத் தெரியவில்லை. "எப்படியும் கழட்டப் போறதுதானே"ன்னு போய்விட்டார். "பெரியவரே ஓட்டிப் பார்க்கட்டுமே, விழா அன்னிக்குக் கூட்டத்துல முடியாது"ன்னும் சொன்னேன். குளிர்ந்துபோனார். வீடியோ எடுக்கப் போகிறாராம்.

மாமாவின் கோட்டு மாதிரியே ஒரு காக்கிக் கோட்டு வாங்கி, சாக்கில் வைக்கோல் அடைத்துத் தைத்துவிட்டேன். நெம்புகோல் மேல் குனிந்த மாதிரி நிற்கும். இடது பக்கம். ஷெட் ஆட்களுக்குத் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தப் பையன் தள்ளாடி நடந்து காட்டியது அவர்களுக்கும் பிடிக்கவில்லை.

நான் பிரேக்கைத் தொடமாட்டேன். ஏறட்டும்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சின்ன வயதில் நான் எறும்பை நசுக்கினால்கூட நீ திட்டுவாய். நான் கத்துகிறவள், கத்தியே பாதியைத் தீர்த்துவிடுவேன். நீ இத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தாய் இதையெல்லாம்?

ஏறியதும் அது பொம்மை என்று உடனே சொல்லிவிடுவாய் அல்லவா? வயதானவர், நெஞ்சு கிஞ்சு நின்றுவிட்டால் நம் மேல் வரும்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். டிப்போவுக்குப் போய் இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்து மறுபடி எடுத்தேன். அப்பாவிடம் யாரும் உடனே வந்து எதையும் சொல்லவில்லை. மேலே எழுதியதை எடுத்துக்கொள்ளாதே. உடனே சொல்லாதே.

தங்கை


மார்ச் 19

தங்கச்சிக்கு,

நேற்று ஓட்டினார்.

வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். இரண்டு பேர் தாங்கி ஏற்றினோம். வலது பக்கம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. ஓட்டும் கைப்பிடியைப் பிடித்த விதத்தைப் பார்த்தால் ஓட்டத் தெரிந்தவர் என்று யாரும் சொல்வார்கள். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "தொட்டி உசரமா இருக்கே"ன்னார். "முன்னாடி இருந்த அளவுதாங்கய்யா"ன்னேன். இறங்குகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மகன் வலது பக்கம் கீழே நின்று படமெடுத்துக்கொண்டு கையை ஆட்டினார். பெரியவர் நீராவி ரெகுலேட்டரைத் திறந்தார்.

நடக்கிற வேகம்தான். ஃபயர்மேன் குனிந்து கரி போட்டார், நான் சொல்லி வைத்தபடி. நான் இடது பக்கம் நின்று கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோட்டு தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. பாதை மாற்றும் நெம்புகோல் கடகடவென்று ஆடிய சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தி, "என்ன சத்தம்?"னார். "இறங்கிப் பாருங்கய்யா"ன்னேன்.

சக்கரத்துக்கு அடியில் ஒரு கையும் தொப்பியும் வெளியே தெரிந்தன. பெரியவர் ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டார். "தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தார். மகன், ஷெட் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டோம். கொடி அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். பொம்மை என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

மகன்தான் ஓடிவந்து சாக்கைக் கிழித்து வைக்கோலைக் காட்டினார். என்னைப் பார்த்து, "உனக்கு வேலை கிடையாது, போய்யா வெளியே"ன்னார். வந்துவிட்டேன்.

இன்று காலையில் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெரியவர் சாப்பிடவில்லையாம், படுக்கவில்லையாம். "அவன் பொண்டாட்டிகிட்ட யாரு போய்ச் சொல்றது"ன்னு கேட்டபடி இருக்கிறாராம். பொம்மை என்று எத்தனை தரம் சொன்னாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறாராம். ஃபோர்மேன், யோவ் என்றெல்லாம் கூப்பிட்டவர் இன்று, "அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா நம்புவாரு"ன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

போகட்டுமா? நீ சொல்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணனுக்கு,

போகாதே.

சும்மா போகாதே என்று சொல்கிறேன். அந்த வீட்டுக்கு இப்போது நீ வேண்டும். அப்பாவுக்கு அந்த வீடு வேண்டியிருந்தபோது கதவு திறக்கவில்லை. அப்பா அவர் வாசலில் நின்று திரும்பி வந்ததை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன், சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

மகனிடம் சொல். திறப்பு விழா அன்று குள்ளி பச்சையாக நிற்கக் கூடாது. கறுப்பும் சதுரத் தொட்டியுமாக நிற்க வேண்டும். ஓட்டுநரால் பார்த்திருக்க முடியாது, அது எங்களுக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் அடுத்த மாதம் வெட்டினோம் என்று அந்த மகன் தன் வாயால் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கொடி அத்தை முன்வரிசையில் உட்கார வேண்டும். அதற்கப்புறம் நீ போய்ப் பெரியவரிடம் பொம்மை என்று சொல். அதுவரை அவர் தூங்காமல் இருக்கட்டும்.

இதைப் படித்து உனக்கு என் மேல் வெறுப்பு வந்தால் வரட்டும். அண்ணியிடம் காட்டாதே.

தங்கை


ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

எல்லாம் முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

சின்ன இன்ஜினியர் நான்கு நாள் இழுத்தடித்தார். ஐந்தாம் நாள் ஒத்துக்கொண்டு, என்னை ஷெட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டார். பச்சை டின்களை நாங்களே உள்ளே அடுக்கிவிட்டோம். நேற்று குள்ளி கறுப்பாக, குட்டைப் புகைபோக்கியும் இரண்டு பீரோவுமாக நின்றது. பேப்பர்காரர்கள் ஏமாந்துபோனார்கள். "இது என்னங்க, எருமை மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தர் என்னிடமே கேட்டார். "அப்படித்தான் இருந்துச்சு"ன்னேன்.

அவர் சொன்னார். காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் நீ எழுதிய மூன்றையும் சொன்னார். அப்பாவின் பெயரையும் சொன்னார். தள்ளாடி நடித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். கொடி அத்தை எழுந்து நேராகக் குள்ளியிடம் போய், ஏற்றிவிடச் சொல்லி, ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார்கள். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். கீழே இறங்கி என் கையைப் பிடித்து, "உங்கப்பா சொல்ல வந்தப்ப கதவைச் சாத்திட்டேன்டா"ன்னார்கள். உன்னைக் கேட்டார்கள்.

பிறகு, ஒப்புக்கொண்டபடி பெரியவர் வீட்டுக்குப் போனேன். கிழிந்த கோட்டையும் வைக்கோலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பாதியாகிவிட்டார். கோட்டை மடியில் வைத்து, "ஐயா, இதான் அன்னைக்கு அடிபட்டது. வைக்கோலு. ஆளு இல்ல"ன்னேன்.

ஒரு வைக்கோலை எடுத்து விரலில் சுற்றினார். "வைக்கோல்னு அன்னைக்கே தெரியும்பா. எம் மகன் கிழிச்சுக் காட்டினானே"ன்னார். "நான் கேக்கறது இதை இல்ல. கொடிக்காரனை. தொட்டி மாட்டின அன்னைக்கே நான் அந்த சீட்ல உக்காந்து பாத்தேன். ஒண்ணும் தெரியல. மூலையை வெட்டணும்னு நெனச்சேன். வண்டியை நிறுத்தினா சர்வீஸ் கெட்டுடும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மகன் கதவருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். இவ்வளவுதானா காரணம் என்றுதான் இருந்தது. ஒரு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பெரிய சதி ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளம்ப எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. "கண்ணை மூடினா குனிஞ்சு நிக்கறான். உங்கப்பனுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"ன்னார். "ஆமாங்க"ன்னேன். "எப்பப்பா போவும் இது?"

அவர் என்னைக் கேட்டது உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காக. அந்த வீட்டில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பொய் சொல்லியிருக்கலாம், மகன் கைகூப்பி நின்றார்.

"போகாதுங்கய்யா"ன்னேன். "எங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் போகல."

கையை விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணன்